ஏலத்துக்கு வந்த கதிரை: ஐலீன் கிறேயின் கைவினைத் தளபாடமும் பெறுமதி பற்றிய பிரச்சினையும்

கலைப்பொருளொன்றின் பெறுமதியை எவ்வாறு விளக்குவது என்ற வினா அழகியலுக்கு மாத்திரம் உரியதன்று. அரசியற் பொருளாதாரத்துக்கும் உரியது. ஓவியம், சிற்பம் ஆகியவற்றைப் பொறுத்தவரையில் இவ்வினா பெரும்பாலும் 'மேதைமை', 'தனித்துவம்' முதலிய சொற்களால் மூடப்பட்டுவிடுகின்றது. தளபாடத்தை எடுத்துக்கொண்டால் அவ்வாறு மூடுதல் எளிதன்று. கதிரை இருப்பதற்கு உரியது. மேசை எழுதுவதற்கும் உண்பதற்கும் உரியது. அவற்றின் பயன் யாவரும் அறிந்தது. அவற்றைச் செய்வதற்கு மரமும் உளியும் உழைப்பும் வேண்டும் என்பதும் யாவரும் அறிந்தது. எனவே ஒரு கதிரை பெருந்தொகைக்கு ஏலத்தில் விலைபோகும்பொழுது, ஏனைய கலைப்பொருள்களில் மறைந்து கிடக்கும் முரண்பாடு கண்முன்னே வெளிப்பட்டு நிற்கின்றது. பண்டத்தின் மருமத்தை விளக்கப் புகுந்த மார்க்ஸ், 'மூலதனம்' முதலாம் பாகத்தில் ஒரு மர மேசையையே உதாரணமாக எடுத்துக்கொண்டமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

2009 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆந் திகதி பரிஸ் நகரில் நிகழ்ந்த ஏலமொன்று இம்முரண்பாட்டை ஆராய்வதற்கு வாய்ப்பான சான்றாகும். ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லொறோன் 2008 இல் காலமானதை அடுத்து, அவரும் பியர் பேர்ஜேயும் சேர்த்துவைத்திருந்த கலைப்பொருள்கள் கிறிஸ்ரீஸ் நிறுவனத்தினரால் கிறான் பலே மண்டபத்தில் மூன்று நாள்கள் ஏலத்தில் விடப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஐலீன் கிறே ஏறத்தாழ 1917-1919 காலப்பகுதியில் ஆக்கிய 'பறவைநாகக் கதிரை'. அது 20 முதல் 30 இலட்சம் யூரோ வரை விலைபோகலாம் என மதிப்பிடப்பட்டிருந்தது. இறுதியில் விற்கப்பட்டதோ ஏறத்தாழ 2 கோடியே 19 இலட்சம் யூரோவுக்கு. இருபதாம் நூற்றாண்டுத் தளபாடமொன்று அன்றுவரை பெற்ற விலைகளுள் அதுவே மிக உயர்ந்தது. லேமன் பிறதர்ஸ் வங்கி முறிந்து ஐந்து மாதங்களே கழிந்திருந்த காலம் அது; ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொழிலாளர் வேலையிழந்து, கடன்பட்டோர் வீடிழந்துகொண்டிருந்த காலம்.

இவ்விலையைக் கேட்டு வியத்தலும் இகழ்தலும் எளியன. நாம் செய்ய வேண்டியது விளக்குதல். கைவினை எனப்படும்பொழுது அது யாருடைய கை? விலை எதனால் நிர்ணயிக்கப்பட்டது? 'முன்னணிக் கலைஞர்' என்ற அடைமொழி இவ்விற்பனையில் என்ன பொருள்படுகின்றது? இம்மூன்று வினாக்களையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆக்கியோரும் ஆக்கமுறையும்

ஐலீன் கிறே 1878 இல் அயர்லாந்தின் வெக்ஸ்போட் பகுதியில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தவர். இலண்டனில் ஸ்லேட் கலைக்கல்லூரியில் பயின்றார். அந்நகரின் சோகோ பகுதியிலிருந்த பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் மெருகுக் கலையின் முதற்பாடங்களைக் கற்றார். பின்னர் பரிசில் குடியேறிய அவர், அங்கு வாழ்ந்த செய்சோ சுகவாரா என்னும் யப்பானிய மெருகுவினைஞரிடம் அக்கலையை முறையாகப் பயின்றார். 1910 இல் இருவரும் சேர்ந்து கெனேகோ வீதியில் ஒரு பட்டறையை நிறுவினர். பறவைநாகக் கதிரை அப்பட்டறைக் காலத்துக்குரியது.

இங்கு மெருகு என்று நாம் குறிப்பிடுவது 'உருஷி' எனப்படும் பூச்சினை ஆகும். எமது நாட்டில் மாத்தளைப் பகுதிக் கைவினைஞர் பயன்படுத்தும் அரக்கு ஒருவகைப் பூச்சியிலிருந்து பெறப்படுவது. உருஷியோ ஒரு மரத்தைக் கீறி எடுக்கப்படும் பால். அது வெயிலில் உலர்வதில்லை. ஈரப்பதன் மிக்க அறையிலேயே இறுகும். ஒரு படை பூசிப் பல நாள் இறுகவிட்டு, தேய்த்து மட்டப்படுத்திய பின்னரே அடுத்த படையைப் பூசலாம். இவ்வாறு இருபது, முப்பது படைகள் பூசப்படுவதும் உண்டு. தூசு ஒரு துகள் படிந்தாலும் அப்படை பழுதாகும். அதுவன்றியும், இப்பால் தோலை அரிக்கும் இயல்புடையது. கிறேயின் கைகளும் இதனால் புண்பட்டன என அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

இவ்விவரங்களை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பளபளக்கும் மேற்பரப்பானது தன்னை ஆக்கிய உழைப்பின் தடங்களைத் தானே அழித்துவிடுகின்றது. தேய்ப்பு எவ்வளவு திறம்பட அமைகின்றதோ, அவ்வளவுக்குத் தேய்த்த கை கண்ணுக்குப் புலப்படாது போகின்றது. பண்டத்தில் உழைப்பு மறைந்துபோதல் பற்றி மார்க்ஸ் கூறியது சமூக உறவு சார்ந்தது. மெருகுக் கலையிலோ அது தொழில்நுட்பத்தின் நியதியாகவும் அமைந்துவிடுகின்றது.

2. ஏலத்தின் பொறிமுறை

ஏலம் என்பது விற்போனும் வாங்குவோனும் வெளிப்படையாகச் சந்திக்கும் களம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. உண்மையில் விலைகூறல் தொடங்குவதற்கு முன்னரே பெருமளவு வேலை நடந்து முடிந்துவிடுகின்றது. நிபுணர் பொருளை ஆராய்ந்து மதிப்பீட்டு விலையொன்றைக் குறிப்பர். அதற்குக் குறைவாக விற்கக்கூடாது என விற்போனோடு உடன்பட்ட இழிவு விலையொன்று இரகசியமாக இருக்கும். பட்டியல் அச்சிடப்படும். அதில் பொருளின் படம், செய்யப்பட்ட காலம், அதைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள், அது இடம்பெற்ற கண்காட்சிகள் ஆகியவற்றோடு உடைமை வரலாறும் தரப்படும். சுத்தியல் விழும்பொழுது அறிவிக்கப்படும் விலையின்மேல் வாங்குவோனிடமிருந்து மேற்கட்டணமும் அறவிடப்படும். நாம் மேலே குறிப்பிட்ட தொகை அக்கட்டணத்தையும் உள்ளடக்கியதே.

இவற்றுள் உடைமை வரலாறு நுணுகி நோக்கத்தக்கது. பறவைநாகக் கதிரை சூசான் தல்போ என்னும் தொப்பி விற்பனை நிறுவனத்தின் உரிமையாளரான மத்தியூ-லெவி சீமாட்டியின் இல்லத்துக்காகச் செய்யப்பட்டது. பின்னர் சான் லொறோனிடம் வந்து சேர்ந்தது. அதாவது, அதில் யார் யார் அமர்ந்தனர் என்பதே அதன் விலையின் ஒரு கூறாகின்றது. செய்தோர் வரிசை பட்டியலிற் குறுகியது. உடைமையாளர் வரிசையோ நீண்டது. ஒரு நிலவுறுதியிற்கூட எல்லைகளுக்கு அடுத்தபடி உரித்துடையோர் பெயர்களே இடம்பெறும்; உழுதோர் பெயர் இடம்பெறுவதில்லை. ஏலப் பட்டியலும் அத்தகைய உறுதியே.

ஆய்வாளராகிய எமது பங்கும் இங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிறேயின் பெயர் பல்லாண்டுகள் மறக்கப்பட்டிருந்தது. 1968 இல் யோசப் றிக்வேட் எழுதிய கட்டுரையே அவரை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1972 இல் யாக் டூசே என்பவரின் சேகரிப்பு பரிசில் ஏலத்துக்கு வந்தபொழுது, அதிலிருந்த 'விதி' என்னும் 1914 ஆம் ஆண்டு மெருகுத் திரை பெருவிலை பெற்றது. அப்போது கிறேக்கு வயது 94. ஆய்வுக் கட்டுரை, கண்காட்சி, ஏலம் என்னும் இவை ஒன்றையொன்று வளர்ப்பன. புறவயமான புலமை என நாம் கருதி எழுதுவது சந்தையில் சான்றிதழாக மாறுவதற்கு நெடுங்காலம் செல்வதில்லை.

3. விலையும் பெறுமதியும்

உழைப்பே பெறுமதியின் ஊற்று என்ற கோட்பாட்டை மறுப்போர் இத்தகைய விலைகளையே ஆதாரமாகக் காட்டுவர். சில ஆயிரம் மணிநேர உழைப்பு எவ்வாறு இரண்டு கோடி யூரோவாகும் என வினவுவர். இவ்வினா புதியதன்று. அரிய சிலைகள், ஓவியங்கள் ஆகியவற்றை உழைப்புப் பெறுமதி விதியிலிருந்து விலக்கியே றிக்காடோ 1817 இல் தமது நூலைத் தொடங்கினார். மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில், நிலவாடகை பற்றிப் பேசும் இடத்தில், தொல்பொருள்கள், குறிப்பிட்ட கலைஞர்களின் ஆக்கங்கள் முதலிய, உழைப்பினால் மீள உற்பத்தி செய்ய இயலாத பொருள்களைத் தனியாகச் சுட்டினார். அவற்றின் விலை பல்வேறு தற்செயல் சேர்க்கைகளால் அமையலாம் என்பதும், ஒருவரால் ஏகபோகமாக உடைமையாக்கிக் கைமாற்றத்தக்கதாயிருத்தலே அவை விற்கப்படுவதற்குப் போதுமானது என்பதும் அவர் கருத்து. அவர் இதனை நிலம் பற்றிய அத்தியாயத்தில் கூறியமை பொருள் பொதிந்தது. ஏலத்துக்கு வரும் கதிரை, பண்டங்களின் வரிசையில் நிற்பதிலும் பார்க்க நிலத்துண்டொன்றின் அருகிலேயே நிற்கின்றது.

இவ்வேறுபாட்டைக் கிறேயின் ஆக்கங்களைக் கொண்டே விளக்கலாம். 1920 களில் அவர் மெருகிலிருந்து உருக்குக் குழாய்க்கும் கண்ணாடிக்கும் மாறினார். 1926-1929 காலப்பகுதியில் தென்பிரான்சின் கடற்கரையில் யான் பதோவிசியுடன் இணைந்து அமைத்த 'ஈ.1027' என்னும் இல்லத்துக்காக, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய சிறு மேசையொன்றை உருவாக்கினார். 1973 இல் இலண்டனைச் சேர்ந்த அராம் நிறுவனம் அவருடைய இசைவுடன் இவ்வடிவங்களை உற்பத்தி செய்யத் தொடங்கியது. இன்று அம்மேசையைக் கடையில் வாங்கலாம். அதன் விலையில் மூலப்பொருள், கூலி, இலாபம், உரிமக் கட்டணம் என்பன அடங்கியுள்ளன. அவ்விலை உயரினும் அதற்கொரு வரம்பு உண்டு. பறவைநாகக் கதிரைக்கு அவ்வரம்பு இல்லை. ஒரே மனதிலிருந்து தோன்றிய இரு வடிவங்களுள் ஒன்று பெறுமதி விதிக்குள்ளும் மற்றது அதற்குப் புறம்பாகவும் நிற்பதற்குக் காரணம் அழகின் தரவேறுபாடன்று; மீள உற்பத்தி செய்யும் சாத்தியத்தின் வேறுபாடே.

இவ்வருமையுங்கூட இயற்கையாக அமைந்ததன்று, வரலாற்றால் ஆக்கப்பட்டது. கிறே 1922 இல் பரிசில் திறந்த விற்பனைக் கூடம் பெருமளவு வருவாய் ஈட்டாமல் 1930 இல், உலகப் பொருளாதார மந்தத்தின் தொடக்கத்தில், மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய உடைமைகளில் ஒருபகுதி குண்டுவீச்சாலும் கொள்ளையாலும் அழிந்தது. சந்தை வரவேற்காதமையும் போர் அழித்தமையும் சேர்ந்தே இன்று அவை அரிதாயிருப்பதற்குக் காரணங்களாயின. அன்றைய அழிவே இன்றைய விலையாகின்றது. நிதி நெருக்கடிக் காலத்திலும் அவ்விலை ஏறியமை வியப்புக்குரியதன்று. உற்பத்தித் துறையில் இலாபம் காண இயலாத பணம் நிலத்தையும் பொன்னையும் நாடுவதுபோலவே, மீள ஆக்க முடியாத பொருள்களையும் நாடுகின்றது.

4. பெயர் பெற்ற கையும் பெயரற்ற கையும்

'கையால் ஆக்கப்பட்டது' என்பது இயந்திர உற்பத்தி ஆட்சிசெய்யும் சமூகத்திலேயே புகழுரையாகும். எல்லாம் கையாலேயே ஆக்கப்பட்ட காலத்தில் அவ்வாறு கூறுவதற்கு அவசியம் இருந்திராது. ஏலப் பட்டியல் கையைப் புகழ்கின்றது. ஆயின் எல்லாக் கைகளையும் புகழ்வதில்லை. பறவைநாகக் கதிரையை உலகம் கிறேயின் கதிரை என்றே அறியும். சுகவாரா அவருடைய வரலாற்றில் ஒரு 'துணைவர்' அளவில் நின்றுவிடுகின்றார். இத்தனைக்கும் அவர் கிறேக்கு மாத்திரமன்றி, பிரான்சில் மெருகுக் கலையால் பெரும்புகழ் பெற்ற யான் டுனானுக்கும் 1912 இல் அக்கலையைக் கற்பித்தவர். பரிசின் அலங்காரக் கலையில் ஒரு காலகட்டத்தையே தோற்றுவித்த தொழில்நுட்பம் யப்பானியக் கைவினை மரபிலிருந்து ஒரு குடியேறியின் கைவழியாக வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் கிறேயை ஒடுக்குவோர் வரிசையில் வைப்பது கொச்சையான எளிமைப்படுத்தலாகும். பெயர் மறைக்கப்படுதலை அவரும் அனுபவித்தவர். அவருடைய விற்பனைக் கூடத்துக்கு 'யான் டெசேர்' என்னும் ஆண் பெயரே சூட்டப்பட்டது. அப்பெயரில் எவரும் இருக்கவில்லை. ஈ.1027 இல்லம் நெடுங்காலம் பதோவிசியின் ஆக்கம் என்றும் லெ கோர்பூசியேயின் ஆக்கம் என்றும் பிழையாகக் கருதப்பட்டது. பெண் என்ற வகையில் பெயரிழந்த ஒருவருக்கு அப்பெயர் மீண்டும் கிடைத்தமை நியாயமே. ஆயின் அந்நியாயத்தைச் சந்தை வழங்கும்பொழுது, அது ஒரு பெயரை மாத்திரமே ஏற்கின்றது. பெயர்கள் பெருகினால் ஏகபோகம் தளர்ந்துவிடும் என்பதே அதன் தர்க்கம்.

சட்டமும் இத்தர்க்கத்தையே பின்பற்றுகின்றது. மறுவிற்பனையில் கலைஞருக்கு ஒரு பங்கு கிடைக்கவேண்டும் எனப் பிரான்சு 1920 இல் சட்டமியற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2001 இல் அதனைப் பொதுவாக்கி, ஒரு விற்பனைக்கு உச்ச அளவாக 12,500 யூரோவை வரையறுத்தது. அவ்வுரிமை படைப்பாளர் எனப்படுபவருக்கே உரியது. மரம் செதுக்கியோருக்கோ படை தேய்த்தோருக்கோ அதில் இடமில்லை.

5. முன்னணிக் கலையின் வாக்குறுதி

'அவான்ட் கார்ட்' என்னும் பிரெஞ்சுச் சொல் படைத்துறையிலிருந்து கலைக்கு வந்தது. எமது பழைய இலக்கியங்களிலே தூசிப்படை எனப்படும் முன்செல்லும் அணியே அதன் நேர்ப்பொருள். முன்செல்லும் அணி பின்னால் ஒரு பெரும்படை வருவதை நம்பியே செல்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்னணிக் கலைஞர் பலர் தளபாடத்தின்பால் நாட்டம் கொண்டமைக்கு இந்நம்பிக்கையே காரணம். கலையை நூதனசாலையிலிருந்து மீட்டு வாழ்க்கையோடு இணைப்பதற்குக் கதிரையைவிடச் சிறந்த வாயில் வேறில்லை.

ஒல்லாந்தின் கெறிற் றீற்வெல்ட் தச்சரின் மகன், தாமும் தச்சர். அவருடைய 'செந்நீலக் கதிரை' 1918 அளவில் முதலில் வர்ணமின்றியே செய்யப்பட்டது. எளிதில் அறுக்கத்தக்க சட்டங்களும் பலகைகளும் கொண்ட அதன் அமைப்பு, பெருந்தொகை உற்பத்தியை மனத்திற்கொண்டது. 1934 இல் பொதிப்பெட்டிப் பலகைகளாலான மலிவுத் தளபாடங்களையும் அவர் வடிவமைத்தார். இன்று அவருடைய கதிரைகள் ஏலத்துக்கு வரும்பொழுது, அவருடைய பட்டறையில் சிறுவனாகச் சேர்ந்து பின் அதனைப் பொறுப்பேற்ற வன் டி குறூனெக்கனின் பெயரும் பட்டியலில் இடம்பெறுவதுண்டு. ஆனால் அது அவருக்குரிய மதிப்பாக அன்றி, காலத்தை நிறுவும் சான்றாகவே பயன்படுகின்றது.

சோவியத் கலைஞர் அலெக்சாந்தர் றொட்சென்கோ 1925 ஆம் ஆண்டுப் பரிஸ் கண்காட்சிக்காகத் தொழிலாளர் மன்றமொன்றை வடிவமைத்தார். வாசிப்பு மேசை, கதிரைகள், சதுரங்கம் ஆடுவதற்கான இருக்கை ஆகியன அதிலிருந்தன. கண்காட்சி முடிந்ததும் அது பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. அம்மூலப் பொருள்கள் இன்று இல்லை. நாம் காண்பன மீளாக்கங்களே. இத்தாலியின் என்சோ மாரி 1974 இல் பைன் பலகையும் ஆணியும் கொண்டு எவரும் தாமே செய்துகொள்ளத்தக்க தளபாடங்களின் வரைபடங்களை வெளியிட்டார். வணிகரும் ஆலைகளும் தவிர்ந்த எவரும் அவற்றைப் பயன்படுத்தலாம் என்றார். செய்து பார்ப்பதன் வழியாகவே மக்கள் பண்டத்தின் உட்பொருளை அறிவர் என்பது அவர் நோக்கு. அவ்வாறு அன்று செய்யப்பட்ட மேசைகளும் இப்பொழுது ஏலக்கூடங்களில் விலைகூறப்படுகின்றன.

கிறேயும் இவ்வழியில் ஓரளவு வந்தவர். பிரான்சில் மக்கள் முன்னணி அரசு 1936 இல் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய இருவார விடுமுறையைச் சட்டமாக்கியது. அச்சூழலில் அவர் உழைக்கும் மக்களுக்கான விடுமுறை நிலையமொன்றைத் திட்டமிட்டார். தங்குமிடங்கள், உணவகம், திறந்தவெளி அரங்கு ஆகியன அதில் அடங்கின. 1937 ஆம் ஆண்டுப் பரிஸ் கண்காட்சியில் லெ கோர்பூசியேயின் மண்டபத்தில் அதன் மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டது. அது ஒருபோதும் கட்டப்படவில்லை.

இதுவே எமது ஆய்வின் மையமாகும். செல்வரொருவரின் இல்லத்துக்காகச் செய்த கதிரை இரண்டு கோடி யூரோவைத் தாண்டியது. பல்லாயிரம் தொழிலாளர் ஓய்வெடுப்பதற்கெனத் திட்டமிட்டது கடதாசியில் நின்றது. ஒரே கலைஞரின் இரு ஆக்கங்கள் இவை. சந்தை அவர் கடந்துசென்ற கட்டத்துக்கே விலையிட்டது. சென்றடைந்த கட்டத்துக்கு விலையிட அதனால் இயலாது. ஏனெனில் அது தனியொருவர் உடைமையாக்கிக்கொள்ளத்தக்கதாக வரையப்படவில்லை.

6. முடிவாக

எமது சூழலுக்கு இவ்வாராய்ச்சி அந்நியமானதன்று. கைவினை பற்றிய நவீன சிந்தனையில் எம்மவர் ஒருவருக்கும் இடமுண்டு. ஆனந்த குமாரசுவாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' 1908 இல் வெளிவந்தது. சோசலிசவாதியும் கைவினை இயக்கத்தின் முன்னோடியுமான வில்லியம் மொறிசின் அச்சகத்திலிருந்து பெறப்பட்ட பொறியிலேயே அந்நூல் அச்சிடப்பட்டது. பயனையும் அழகையும் பிரிக்கலாகாது என்ற அவருடைய கருத்து இன்றும் வலுவுடையது. ஆயின் கண்டியக் கைவினைஞரைப் பிணித்திருந்த சாதிமுறையையும் நிலமானியச் சேவையையும் அவர் இசைவான ஒழுங்காகவே கண்டார். அங்கு கைவினைஞன் சாதிக்குள் அமிழ்ந்து பெயரிழந்தான். ஏலக்கூடத்தில் ஒரு பெயரின் பின்னால் மறைந்து பெயரிழக்கின்றான். இரண்டும் வெவ்வேறு உற்பத்தி உறவுகளின் விளைவுகள். முன்னையதை இலட்சியமாக்கிப் பின்னையதைக் கண்டிப்பது முற்போக்கு நிலைப்பாடாகாது.

அவ்வாறே, பெருவிலை பெற்றது என்பதற்காகக் கிறேயின் கதிரையைப் பூர்ஷ்வாச் சீரழிவு எனத் தள்ளிவிடுதலும் திறனாய்வாகாது. அதன் வளைவுகளிலும் மெருகிலும் உறைந்திருப்பது மனித உழைப்பின் உயர்ந்த ஆற்றல். விலையைப் பெறுமதி எனக் கொள்வோர் எவ்வாறு மயங்குகின்றனரோ, விலையைக் கண்டு கலையையே வெறுப்போரும் அவ்வாறே மயங்குகின்றனர். இருசாராரும் ஏலக்காரனின் சுத்தியலையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

திறனாய்வாளரின் பணி ஏலப் பட்டியலை மறுதலையாக வாசிப்பதாகும். உடைமையாளர் பெயர்களைப் படித்தபின் ஆக்கியோர் பெயர்களைத் தேடுதல்; மேற்பரப்பின் கீழுள்ள படைகளை எண்ணுதல்; விற்கப்பட்டதன் அருகில் கட்டப்படாததை வைத்து நோக்குதல் ஆகியன அப்பணியில் அடங்கும். றொட்சென்கோவின் மன்றத்துக் கதிரைகள் இன்று எவருடைய சேகரிப்பிலும் இல்லை. அவற்றை எவரும் ஏலம் விடவும் இயலாது. அவை கண்ணாடிப் பேழைக்காக அன்றி, வேலை முடிந்து வரும் தொழிலாளர் அமர்ந்து வாசிப்பதற்காகவே செய்யப்பட்டன. தளபாடம் ஒன்றுக்கு இதனினும் சிறந்த பயன்பெறுமதி உண்டென நாம் கருதவில்லை.